கதவில் ஒட்டியிருந்த தேதி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இப்போது மூன்று பேர் மாசமாக இருக்கிறார்கள். மூவரும் தனித்தனியாக என்னிடம் வந்து, "டீச்சர், ஆஸ்பத்திரியில என்னதான் செய்வாங்க? கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டார்கள். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்குவதைப் பார்த்தால் பேசிக்கொண்டிருந்ததை மறந்துபோகிற ஆள் நான். முன்பள்ளியில் என்னிடம் படிக்கும் வாண்டுகளுக்கே இது தெரியும். அதனால் எழுதித் தருகிறேன். எழுத்து என்றால் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளலாம்.

முதலில் என் குட்டை நானே உடைத்துவிடுகிறேன். பிழை என்னிடம்தான் தொடங்கியது.

நான் சொல்லப்போகும் பிரசவத்துக்கு முன்பு ஒரு பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அதற்குள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க இனிப்புக் கொடுத்து முடித்திருந்தேன். பிறகு ஒவ்வொரு காம்பரா வீட்டிலும் துக்கம் விசாரித்தார்கள், பதில் சொல்லி மாளவில்லை. ஆகவே இந்த முறை வாயைத் திறக்கவே இல்லை. கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். என் கணவர் மோகனுக்கும் அவருடைய தங்கை புஷ்பத்துக்கும் மட்டும் தெரியும். மோகனுக்கு எல்ல ஊரில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் சமையல் வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். புஷ்பம் கொழுந்து எடுக்கப் போகிறவள், அடுத்த காம்பராவில் இருக்கிறாள். ஐந்தாவது மாதம்வரை தொளதொள சட்டையில் சமாளித்தேன். கடைசியில் ஒரு காலை, மிட்வைஃப் மிஸ் குடையை மடக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். யார் சொன்னார்களோ தெரியாது. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"படிச்ச புள்ள நீங்களே இப்படி ஒளிச்சா மத்தவங்கள நான் என்ன சொல்றது?" என்று திட்டி முடித்து, கர்ப்பிணி அட்டையை எடுத்தார். "சரி, கடைசியா பீரியட் வந்த தேதி சொல்லுங்க."

எனக்குத் தேதிகள் நிற்பதில்லை. ஆனால் அந்த நாள் நினைவில் இருந்தது. எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாள். விடியற்காலையில் எனக்குத் தூரமாகிவிட்டது. வருசம் முழுக்கக் காத்திருந்த திருவிழாவுக்குப் போக முடியாமல் அழுதேன். அதைச் சொன்னேன். "காப்புக் கட்டுன அன்னைக்கு மிஸ்." திருவிழா நோட்டீஸ் கதவிலேயே ஒட்டியிருந்தது. மிஸ் குனிந்து அதிலிருந்த தேதியைப் பார்த்து அட்டையில் எழுதினார். நாள் கணக்கிடும் ஒரு வட்ட அட்டையைத் திருப்பிப் பார்த்து, "பொங்கலோட பபா" என்றார், பொங்கலோடு குழந்தை பிறக்கும் என்று.

இந்தக் கணக்கை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிரசவத் தேதியை, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து நாற்பது வாரம் என்று எண்ணுவார்கள். ஆரம்ப மாதங்களில் ஸ்கேன் எடுத்தால் குழந்தையின் அளவை வைத்து அந்தத் தேதி சரியா என்று ஒத்துப்பார்க்கலாம், ஏனென்றால் அப்போது எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவுதான். மாதம் ஏற ஏற ஒன்று கொழுக்கும், ஒன்று மெலியும். அதற்குப் பிறகு அளவு தேதியை உறுதியாகச் சொல்லாது. ஒளித்துவைத்து ஒளித்துவைத்து அந்த ஆரம்ப மாதங்களை நான் தொலைத்திருந்தேன்.

ஏழாம் மாதத்தில் கிளினிக்கில் டேப்பால் வயிற்றை அளந்தார்கள். காணாது, வளர்ச்சி போதாது என்றார்கள். ஸ்கேன் எடுத்த டொக்டரும், "வாரத்துக்கு ஏத்த மாதிரி இல்ல, பபா கொஞ்சம் சின்னது" என்றார். அன்றிலிருந்து பயம் என்னோடு குடியேறிவிட்டது. மோகன் எல்லயிலிருந்து வரும்போதெல்லாம் மீனைப் பொரித்து டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்தார். புஷ்பம் மலையிலிருந்து இறங்கும்போது முருங்கைக் கீரை பறித்து வருவாள், முட்டையோடு சுண்டி, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்து போகமாட்டாள். "அண்ணி, அந்தக் கடைசி வாய் உங்களுக்கில்ல, எங்க அண்ணன் மகளுக்கு" என்பாள். மகள் என்று அவளாகவே முடிவுகட்டியிருந்தாள். நான் தின்றேன். முன்பள்ளியில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் வயிற்றில் கைவைத்து, "ஏன்டா கண்ணு வளர மாட்டேங்கிற, நான் என்ன செஞ்சேன்" என்று மெல்லக் கேட்பேன். அது உதைக்கும். அந்த உதையை நம்புவதா, டேப்பை நம்புவதா என்று தெரியவில்லை.

பொங்கல் வந்தது, போனது. வலி வரவில்லை. மேலும் ஒரு வாரம் கழிந்ததும் அட்டையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பசறையில் பஸ் ஏறினோம். வளைவுக்கு வளைவு பனி வந்து மூடியது. ஒரு வளைவில் தேயிலை, மறு வளைவில் வெறும் வெள்ளை. புஷ்பத்தின் தோளில் சாய்ந்திருந்த எனக்கு, பஸ் நகராமல் மலைகள்தான் எங்களைக் கடந்து போவதாகப் பட்டது. பதுளையில் இறங்கியபோதும் அந்த மயக்கம் விடவில்லை. வார்டில் எனக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. மழை விடும்போது தூரத்தில் நமுனுகுல மலை தெரியும், பிறகு மறைந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டே நான் பாதி நேரம் எங்கிருக்கிறேன் என்பதை மறந்தேன்.

காலையிலும் மாலையிலும் வயிற்றில் இரண்டு பட்டை கட்டி ஒரு இயந்திரத்தோடு இணைப்பார்கள். அது குழந்தையின் இதயத் துடிப்பைச் சத்தமாகக் கேட்கவைக்கும், தாளில் கோடாகவும் எழுதும். வலிக்காது. பக்கத்து வீட்டில் யாரோ தையல் மெஷின் மிதிப்பது மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்தில் நான் தூங்கிவிடுவேன். அதைவிட நிம்மதியான தூக்கம் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

டொக்டர் மிஸ் சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். வார்டில் இருந்த நர்ஸ் ரிஸ்னா மிஸ் பதுளைக்காரர், மீதியைத் தமிழில் சொல்வார். "தேதி தாண்டி ஒரு வாரம் ஆச்சு. பபாவும் சின்னதா இருக்கு. நஞ்சுக்கொடி பழசானா பபாவுக்குச் சத்தும் காத்தும் போறது குறையும். அதனால நாளைக்குக் காலையில வலி வரவைக்கலாம்னு டொக்டர் சொல்றாங்க," என்றார் ரிஸ்னா மிஸ். எப்படி என்பதையும் விளக்கினார். கர்ப்பப்பையின் வாயில் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை வைத்து, அதன் நுனியில் உள்ள சிறு பலூனில் தண்ணீர் நிரப்புவார்கள். பலூன் வாயை மெதுவாகத் திறக்கும். பிறகு நரம்பில் மருந்து ஏற்றினால் வலி தொடங்கும். பலருக்கு நன்றாகவே முடியும். உடம்பு தயாராகவில்லை என்றால் நேரம் இழுக்கும், சிலருக்கு ஆபரேஷனில் போய் முடியும்.

"சரிங்க மிஸ்," என்றேன். டொக்டர் சொன்னால் சரி என்பதுதான் எங்கள் பழக்கம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எந்த மலைக்குப் போ என்கிறார்களோ அந்த மலைக்குப் போகிற சனம் நாங்கள்.

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல மழை. தகரக் கூரை எங்கோ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அந்தச் சத்தம் வார்டு முழுவதும் நிறைந்திருந்தது. கண் சொருகியது. கையில் விளக்குமாற்றோடு நான் எங்கேயோ சேற்றுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். காலுக்கடியில் சில்லென்று தரை. சுற்றிலும் பாய்கள், அழுகிற பிள்ளைகள், மடித்த துணி மூட்டைகள். எதிரே விளக்கு எரிந்தது. விளக்குக்குப் பின்னால் அம்மன் மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்தாள். பூசாரி என்னிடம், "டீச்சர், அந்தப் பக்கமும் தள்ளிவிடுங்க" என்றார். நான் தள்ளிக்கொண்டே போனேன்.

விழித்துவிட்டேன். கனவு இல்லை. அது நடந்தது.

திருவிழாவுக்கு முதல் நாள் மண் சரிந்து ரோடு அடைபட்டது. மேட்டு லயத்துக்காரர்கள் எல்லோரையும் கோயிலில் கொண்டுவந்து தங்கவைத்தார்கள். காப்புக் கட்ட வேண்டிய காலையில் நான் கோயிலுக்குள் நின்று சேறு கழுவிக்கொண்டிருந்தேன். தூரமாகியிருந்தால் உள்ளே கால் வைத்திருப்பேனா? திருவிழாவை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். மைக்கில்தான் சொன்னார்கள், புது நோட்டீஸ் அடிக்கவில்லை. நான் அழுதது தள்ளிவைத்து நடந்த திருவிழாவில். கதவில் ஒட்டியிருந்தது பழைய தேதி. அட்டையில் ஏறியதும் அதுதான்.

அப்படியானால் என் பிள்ளை சின்னதில்லை. தேதியும் தாண்டவில்லை. நான்தான் அதை இரண்டு வாரம் மூத்ததாக்கிவிட்டு, வளரவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன், அதே மூச்சில் அழுதேன். பக்கத்துக் கட்டில் அக்கா பயந்துபோய் வலியா என்று கேட்டார்.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஐந்து மாசம் ஒளிச்சது போதாதுன்னு தேதியையும் பிழையா குடுத்தியா" என்று கேட்பார்களே என்ற வெட்கம். தேதியை என் பேச்சை வைத்து மாற்றுவார்களா என்ற சந்தேகமும்கூட. முதலில் புஷ்பத்துக்கு போன் எடுத்தேன்.

"ஆமாண்ணி, தள்ளித்தான் வச்சாங்க," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா இப்ப போய் மாத்திப் பேசாதீங்க. அவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. நீங்க வேணாம்னு சொல்லி புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம தலையிலதான் விடியும். அண்ணன் மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். என் நினைவு பிழையாக இருந்து நான் காத்திருந்தால் பிள்ளைக்கு ஆபத்து. என் நினைவு சரியாக இருந்து நான் வாயை மூடிக்கொண்டால், தயாராகாத உடம்பைத் தேவையில்லாமல் வருத்தி, பிள்ளையை இழுத்து எடுப்பார்கள். இரண்டிலும் பந்தயம் ஒரே பிள்ளைதான்.

மோகனிடம் சொன்னேன். அவர், "இரு, காப்புக் கட்டுனத நான் வீடியோ எடுத்தேன்" என்றார். அனுப்பினார். தவில் முழங்குகிறது, பூசாரி மஞ்சள் கயிறு கட்டுகிறார், சனம் நெருக்கியடிக்கிறது. மோகன் போனைத் திருப்பும்போது தூரத்தில், லயத்துக் குழாயடியில், ஒரு பெண் தனியாக நிற்கிறாள். முகம் தெரியவில்லை. சட்டை என்னுடையது. போனிலே தேதி இருந்தது.

மறுநாள் காலை, ரிஸ்னா மிஸ் பலூன் போடக் கூப்பிட வந்தபோது போனை நீட்டினேன். ஆஸ்பத்திரி வார்டில் தவில் சத்தம் கேட்டதும் டொக்டர் மிஸ்ஸும் வந்து எட்டிப்பார்த்தார். நான் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். ரிஸ்னா மிஸ் சிங்களத்தில் சொல்லச் சொல்ல டொக்டர் மிஸ் வீடியோவை மறுபடியும் ஓடவிட்டார்.

"ஏன் இந்த அம்மா அங்க தனியா நிக்கிறாங்க?" என்று தமிழிலேயே கேட்டார்.

"தூரம், மிஸ். அந்த நேரத்துல கோயிலுக்குப் போகக் கூடாது."

அவர் திட்டவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கு முன்பு எந்த டொக்டரும் என் கட்டிலில் உட்கார்ந்ததில்லை. நான் துணிந்து கேட்டேன். காத்திருந்தால் எதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்? எப்போது, இனிக் காத்திருக்க முடியாது என்பீர்கள்? அவர் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார், ரிஸ்னா மிஸ் தமிழில் சொன்னார். இன்றே மறுபடி ஸ்கேன் எடுத்து, குழந்தையைச் சுற்றியுள்ள தண்ணீரையும் தொப்புள்கொடியில் ரத்தம் ஓடுவதையும் பார்ப்போம். நன்றாக இருந்தால் தினமும் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம்வரை காத்திருக்கலாம். ஏதாவது ஒன்று கோணினால் காத்திருக்கமாட்டோம். "ஆனா காத்திருக்கிறதுலயும் கொஞ்சம் பயம் இருக்கு. இன்னைக்கு வலி வரவைக்கிறதுலயும் இருக்கு. பயமே இல்லாத வழின்னு ஒண்ணு எங்கிட்ட இல்லைன்னு டொக்டர் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்குறாங்க."

நீங்க என்ன சொல்றீங்க. என் வாழ்க்கையில் வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஸ்கேன் நன்றாக வந்தது. காத்திருக்கிறேன் என்றேன்.

அதன் பிறகு ஐந்து நாள்கள் எப்படிப் போயின என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மழை, தையல் மெஷின் சத்தம், தேநீர், மறையும் மலை. என் கையில் ஒரு தாள் தந்திருந்தார்கள். காலையிலிருந்து குழந்தை துடிக்கும், அதாவது அசையும், ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட வேண்டும். மாலைக்குள் பத்து வர வேண்டும். என் பிள்ளை காலைச் சாப்பாட்டுக்குள்ளேயே பத்தைத் தாண்டிவிடும். மோகன் விடுதியில் லீவு சொல்லிவிட்டு வந்து, பார்க்க விடும் நேரமெல்லாம் கட்டிலோரத்தில் உட்கார்ந்து என் கால்களைப் பிடித்துவிட்டார். மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்றால், "பாக்கட்டும், ரொட்டி மாவு பிசையிற கைதானே" என்பார். புஷ்பம் ஒரு நாள்தான் வந்தாள். கொண்டுவந்த சோற்றை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

ஆறாம் நாள் பகல். சாப்பாடு வந்தது. தட்டைப் பிரிக்கும்போதுதான் தாளைப் பார்த்தேன். மூன்று கோடுகள். நான் கனவு கண்டுகொண்டு கோடு போட மறந்தேனா, அதுதான் துடிக்கவில்லையா? இடப்பக்கம் சாய்ந்து படுத்தேன். தண்ணீர் குடித்தேன். பிள்ளையைக் கூப்பிட்டேன். உள்ளே அசைவில்லை. மழைகூட அப்போது நின்றிருந்தது.

சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ரிஸ்னா மிஸ்ஸும் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். பிடிவாதம் பிடித்துக் காத்திருந்தவளே போய், இப்போது பயமாக இருக்கிறது என்று சொல்வதா? அரை நிமிடம் இருக்கும். பிறகு தட்டைக் கட்டிலில் அப்படியே விட்டுவிட்டுப் போய், "மிஸ், புள்ள துடிக்கல" என்றேன்.

பட்டை கட்டினார்கள். தையல் மெஷின் ஓடியது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அது மெதுவானது. பிறகு ஏறியது. மறுபடியும் மெதுவானது, இன்னும் மெதுவாக. டொக்டர் மிஸ் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். இம்முறை சுருக்கமாகச் சொன்னார். குழந்தை களைக்கிறது. வலி வரவைத்துப் பார்க்க நேரம் இல்லை. ஆபரேஷன் செய்து எடுப்பதுதான் நல்லது. ரத்தம் போகலாம், காயம் ஆற நாளாகும், அடுத்த பிரசவத்துக்கும் இதை யோசிக்க வேண்டி வரும்.

வார்டு வாசலில் மோகனோடு, அன்று பார்க்க வந்திருந்த புஷ்பமும் நின்றாள். "அன்னைக்கு வலி வரவைக்க மாட்டேன்னு நின்னீங்க, இன்னைக்கு வயித்தையே கிழிக்கச் சொல்றீங்களா அண்ணி?" என்று அழுதாள்.

"அன்னைக்குத் தேவையில்ல புஷ்பம். இன்னைக்குத் தேவை," என்றேன். தமிழில் எழுதியிருந்த படிவத்தை ரிஸ்னா மிஸ் வாசித்துக் காட்டினார். கேட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

முதுகில் ஒரு ஊசி. இடுப்புக்குக் கீழே உடம்பு என்னுடையதாக இல்லாமல் போயிற்று. வலி கிடையாது, இழுப்பது மட்டும் தெரிந்தது. வெள்ளை விளக்கைப் பார்த்தபடி கிடந்தேன். பசறை ரோட்டின் வளைவுகளில் ஒன்றில் பஸ் நின்றுவிட்டது, எல்லோரும் எதற்கோ காத்திருக்கிறார்கள் என்று பட்டது. யாரும் பேசவில்லை. பிள்ளையை எடுத்துவிட்டார்கள், அழுகை கேட்கவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

அப்புறம் அழுகை கேட்டது. பெண். தொப்புள்கொடி கழுத்தில் இறுக்கி இரண்டு சுற்று. உடம்பெல்லாம் வெண்ணெய் பூசியது மாதிரி வெள்ளை மாவு. தேதி தாண்டிய பிள்ளைகளுக்கு அந்த மாவு இருக்காதாம், தோல் உரிந்திருக்குமாம். "உங்க தேதி சரி," என்றார் டொக்டர் மிஸ் தமிழில்.

இரண்டு நாள் கழித்து அவர் காயத்தைப் பார்க்க வந்தபோது, என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். முதல் நாளே நான் சரி என்று விட்டிருந்தால் பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காதா?

ரிஸ்னா மிஸ் அவருடைய பதிலைச் சொன்னார். "தெரியாதுன்னு சொல்றாங்க. வலி வந்திருந்தா அன்னைக்கே கொடி இறுக்கியிருக்கலாம், இறுக்காமலும் இருந்திருக்கலாம். நீங்க பகல் வந்து சொன்னப்ப உங்க வயித்துல எந்த மெஷினும் இல்ல. சாயங்காலம் கட்டும்போதுதான் எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு சொல்றாங்க." நான் போய்ச் சொன்னபோது சாயங்காலத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. அந்தத் தட்டை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மாலையில் புஷ்பம் வந்தாள். என் பக்கம் வராமல் நேரே தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் அது விழித்துக்கொண்டு வீறிட்டது. வார்டில் தூங்கிக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக எழுந்து சேர்ந்துகொண்டன. பக்கத்துக் கட்டில் அக்கா காதைப் பொத்தினார். புஷ்பம் பதறிப்போய், "அய்யோ அண்ணி, என்ன செய்யட்டும், பால் குடுங்க, சீக்கிரம் அமத்துங்க" என்றாள்.

நான் கையை நீட்டவில்லை.

"அழட்டும் புஷ்பம். கொஞ்ச நேரம் அழட்டும், நான் கேட்டுக்கிறேன்," என்றேன்.